பழுதும் பழியும்

ஒன்று வேலை செய்யாமல் போகிறது. அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படுகிறது. காரியம் நடக்கிறது. இந்த மூன்று வாக்கியங்களிலிருந்து, எடுத்தெறியப்பட்டதுதான் குற்றவாளி என்ற முடிவுக்கு நாம் வந்துவிடுகிறோம். தர்க்கத்தில் இந்த முடிவு நிற்காது. வாழ்க்கையிலோ இதைவிட உறுதியாக நிற்கும் முடிவு அபூர்வம். ஒரு பழைய அம்பாஸடர் காரின் ஸ்டார்ட்டரை வைத்து இதைப் பரிசீலிக்கலாம் என்று படுகிறது.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஸ்டார்ட்டருக்கு 'செல்ஃப்' என்று பெயர். முன்பெல்லாம் காரின் முன்புறம் கைப்பிடியைச் சொருகிச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும்; எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். 1912ஆம் வருடத்து காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அதிலிருந்து வண்டி 'தானாகவே' கிளம்ப ஆரம்பித்தது. பெயர்தான் செல்ஃப், தன்னிறைவு என்பது அதனிடம் துளியும் இல்லை. பாட்டரி கொடுக்க வேண்டும், ஸ்விட்ச் அனுப்ப வேண்டும், போன மின்சாரம் எஞ்சினின் உடம்பு வழியாகத் திரும்பி வரவும் வேண்டும். இதில் எந்த இடம் அறுந்தாலும் ஊமையாவது செல்ஃப்தான். நாம் சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுப்பதும் அங்கேதான்.

அதற்கு விதிக்கப்பட்ட வேலையும் விசித்திரமானது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் போன்ற ஒரு பாரத்தை நிலையிலிருந்து பெயர்ப்பது, ஓடுகிற தேரை இழுப்பதைவிடக் கடினம். முதல் சாண்தான் பெரும்பாடு. செல்ஃப் மோட்டாரின் கதையும் அப்படியே. சுழலும்போது மோட்டார் தனக்கு எதிரான ஒரு அழுத்தத்தைத் தானே உண்டாக்கி மின்சாரத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும். அசையாமல் நிற்கிற கணத்தில் அந்தத் தடை கிடையாது. அதனால் நிற்கும்போதுதான் மிக அதிகமாகக் குடிக்கும். நூறு ஆம்பியருக்கு மேல் சாதாரணமாக இழுக்கும். எஞ்சின் உயிர் பெற்ற மறுகணம் அதன் பல்சக்கரம் விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் எஞ்சினே அதைச் சுழற்றி நாசமாக்கிவிடும்.

எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே எஞ்சினையும் காரின் சட்டத்தையும் இணைக்க ஒரு பின்னிய செம்புப் பட்டை உண்டு. எர்த் ஒயர் என்பார்கள். எண்ணெயும் தூசியும் படிந்து அதன் முனையில் களிம்பு ஏறினால் மிகச் சிறிய தடை உண்டாகும். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆம்பியர் கூடக் கேட்காத டெஸ்ட் லாம்ப் அந்த ஒயரில் பளிச்சென்று எரியும். 150 ஆம்பியர் பாயும்போதோ அதே இடத்தில் ஒன்றரை வோல்ட் தொலைந்துபோகும். ஏற்கெனவே பாரத்தால் இறங்கியிருக்கும் பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கு அது பெரிய நஷ்டம். ஒன்றும் கேட்காதவரையில் அந்த ஒயர் யோக்கியமானதாக இருக்கிறது. பாரம் ஏறுகிற கணத்தில்தான் அதன் குணம் வெளிப்படுகிறது. அப்போதும் மௌனமாகிற செல்ஃபின் குணமாகவே அது தோற்றம் தருகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழிகள் இல்லாமல் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்தால் விளக்கே சாட்சி சொல்லும். வெளிச்சம் அடியோடு மங்கினால் பாட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது மோட்டார் இறுகி நிற்கலாம். வெளிச்சம் குறையாமல் செல்ஃபும் அசையாவிட்டால், மின்சாரம் அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது திரும்பி வரவில்லை, அல்லது உள்ளே கார்பன் பிரஷ் தொடவில்லை. மோட்டார் மட்டும் சுழன்று எஞ்சின் சுழலாவிட்டால் பெண்டிக்ஸ் பல்சக்கரம் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மறு விசாரணை உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் நோயின் மூலத்தையும் தனித்தனியே தேடச் சொல்கிறது. பட்டறையில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது எளிது, ஏனென்றால் நோய் தெரிகிற உறுப்பு கையில் அகப்படுகிறது. அகப்படுவது கழற்றப்படுகிறது.

ராஜபாளையத்தில் என் பெரியப்பாவிடம் ஒரு மார்க் 3 அம்பாஸடர் இருந்தது. 1990களில் ஒரு நாள் விடிகாலை, பெரியம்மாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தபோது செல்ஃப் எடுக்கவில்லை. தெருவில் நாலு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. திரும்பி வந்ததும் ஒரு பட்டறையில் காட்டினார்கள். 'செல்ஃபை அமுக்கிப் பிடிச்சு எரிச்சிருக்காங்க' என்று தீர்ப்பு வந்தது. புது செல்ஃப் மாட்டப்பட்டது. வண்டி ஒரே தொடலில் எழுந்தது. பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டிய டிரைவருக்கு அன்று சாயங்காலமே கணக்கு முடிக்கப்பட்டது. 'மொதலாளி, நான் அப்படி அமுக்குற ஆளில்ல' என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் புது செல்ஃபும் அதே மாதிரி ஊமையாயிற்று. இந்தத் தடவை வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் போனது. நானும் உடன் இருந்தேன். அவர் செல்ஃபைத் தொடவே இல்லை. என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, சோக் கம்பியின் உறையைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. திரும்பிப் போக நல்ல பாதை இல்லாத மின்சாரம் சோக் கம்பி வழியாகத் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது. எர்த் ஒயரை மாற்றினார், வண்டி எழுந்தது. டிக்கியில் கிடந்த பழைய செல்ஃபை எடுத்துத் தரையில் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்தார். அது துள்ளிச் சுழன்றது. 'இதுக்கு என்ன கேடு?' என்றார்.

அப்படியானால் முதல் தடவை வண்டி ஏன் ஓடியது? செல்ஃபைக் கழற்றி மாட்டுகிறவன் டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டித் திரும்ப முடுக்குகிறான். அந்தச் சுரண்டலிலேயே பழுது தற்காலிகமாகத் தீர்ந்திருக்கிறது. மாற்றியதால் தீரவில்லை, மாற்றும் வழியில் தீர்ந்தது. இரண்டையும் பிரித்தறிய ஒரே உபாயம், கழற்றியதைத் தனியே சோதிப்பதுதான். ஓடுகிற வண்டியை நிறுத்தி யாரும் அதைச் செய்வதில்லை.

இதை நான் பெரியப்பாவிடம் சொன்னேன். டிரைவரைப் பற்றியும் சொன்னேன். 'வண்டி ஓடுதுல்ல, பெறகென்ன?' என்றார்.

பெரியப்பா கொடூரமானவர் அல்ல. வில்லியம் ஜேம்ஸ் 1907இல் 'ப்ராக்மாடிஸம்' என்ற நூலில் நுட்பமாக வாதித்த ஒன்றின் கொச்சை வடிவம் அவர் வாயில் வந்தது: பலிப்பதே உண்மை. ஆனால் அவர் பதிலில் இருப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எர்த் ஒயர் இன்னும் பத்து வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது செல்ஃப் பத்து வருஷமும் ஓடியிருக்கும். அந்தப் பத்து வருஷமும் டிரைவரின் குற்றத்துக்கு நிரூபணமாகக் கணக்கில் ஏறியிருக்கும். ஒவ்வொரு காலையும் வண்டி கிளம்புவது அவருக்கு எதிரான ஒரு சாட்சியம். வெற்றி தன் பின்னால் கிடக்கும் தவறான தீர்ப்பை இவ்வாறு நாள்தோறும் புதுப்பித்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பின் ஸீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு யாரும் நிரூபணம் தேட முடியாது. சந்தேகம் தீரும்வரை காத்திருந்தால் உலகில் ஒரு காரியமும் நடவாது. ஒப்புக்கொள்கிறேன். அறியாமையின் நடுவில் மாற்றிப் பார்ப்பது சரியான செயலே. ஆனால் மாற்றுவது ஒரு செயல்; பழிப்பது ஒரு தீர்ப்பு. செயலுக்கு அவசரம் உண்டு. தீர்ப்புக்கு என்ன அவசரம்? செல்ஃபை மாற்றிய காலையின் நெருக்கடி, டிரைவரை அனுப்பிய சாயங்காலத்தில் இல்லை. செயலின் அவசரத்தைத் தீர்ப்பு கடன் வாங்கிக்கொள்கிறது. அநியாயத்தில் பெரும்பகுதி இந்தக் கடனில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இதை நம் இலக்கியத்துக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. 1959இல் 'எழுத்து' வந்தது. 1962இல் 'புதுக்குரல்கள்' வந்தது. யாப்பைக் கழற்றி வைத்தபின் தமிழ்க் கவிதை ஓடியது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நான் அந்த வண்டியில் ஏறியவன்தான். ஆனால் ஓடியதால் யாப்பு எரிந்துபோன செல்ஃப் என்று நிரூபணமாகிவிட்டதா? வேறு எங்கோ, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே, கண்டதற்கும் சொன்னதற்கும் இடையே ஏறியிருந்த களிம்பு, கழற்றும் வேலையில் உதிர்ந்திருக்கலாம். அப்படியானால் அது மறுபடி ஏறும். வசன கவிதையும் இதே போல ஊமையாகும் காலம் வரும்; பல பக்கங்களில் வந்தும் விட்டது. அப்போதும் நாம் வடிவத்தையே குற்றம் சொல்லி வேறொரு வடிவத்தை மாட்டுவோம். யாப்பை மீட்க நான் வாதாடவில்லை. அது சோதிக்கப்படாமல் டிக்கியில் கிடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

செல்ஃபுக்குச் சோதனை எளிது: இரண்டு ஒயர், ஐந்து நிமிடம். மனிதனுக்கு அப்படி இரண்டு ஒயர் கிடையாது. பாரம் ஏற்றித்தான் அறிய வேண்டும். பாரம் ஏற்ற அவனை வேலையில் வைத்திருக்க வேண்டும். அவனையோ முதலிலேயே அனுப்பிவிட்டோம். அதனால்தான் பொருளைவிட மனிதன் விஷயத்தில் தீர்ப்பு தாமதமாக வர வேண்டியிருக்கிறது. நடைமுறையில் தலைகீழாக இருக்கிறது. அந்தப் பழைய செல்ஃப் பிறகு வேறொரு அம்பாஸடரில் மாட்டப்பட்டது. டிரைவர் தென்காசிப் பக்கம் லாரிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எர்த் ஒயர் விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லி அனுப்பவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் அதைச் சொல்வதற்குக் காரணம் எதுவும் யாருக்கும் தென்படவில்லை.