ஔடத தானமும் விழிப்பும்



இல்லறத்தார் செய்யத்தக்க தானங்கள் நான்கு. அவை உணவு, ஔடதம், சாத்திரம், அபயம் என்பன. இவற்றுள் ஔடத தானத்திற்குப் பெருஞ்செல்வம் வேண்டா, வீட்டு அஞ்சறைப் பெட்டியே போதும் என்று யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தில் பாதியே உண்மை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

நம் சான்றோர் மருந்தின் பெருமையை நன்கறிந்தவர். பதினெண்கீழ்க்கணக்கினுள் சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும், ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமண நெறி நின்றவர்கள். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேரும் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம், இலவங்கப்பட்டை, நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் கூடியது ஏலாதி. நல்லாதனாரின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றால் பெயர் பெற்றது. மருந்து உடற்பிணியைத் தீர்ப்பதுபோல் இந்நூல்களின் அறவுரை உயிர்ப்பிணியைத் தீர்க்கும் என்பதே பெயரின் கருத்து. வகுப்பறையில் இதனை யாம் பலமுறை விளக்கியதுண்டு.

திரிகடுகம் இன்றும் நம் அடுக்களைப் பொருளே. மூன்றையும் சம எடையாக எடுத்து, இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்துச் சலித்து வைத்துக்கொள்ளலாம். சளிக்கும் வயிற்று மந்தத்திற்கும் இரண்டு சிட்டிகையை வெந்நீரில் கலந்து பருகலாம். பிறர் தேனில் குழைப்பர். தேனை விலக்கிய நாம் பனைவெல்லம் சேர்ப்போம். வயிற்றுப் புண் உடையோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேட்டே கொள்ளுதல் நன்று. காஞ்சிபுரம் இட்லியில் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்வதும் செரிமானம் கருதியே. கதிரவன் மறையுமுன் உண்பதும், நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுவதும் உயிரிரக்கத்திற்காக நாம் கொண்ட ஒழுக்கங்கள். அவை உடலையும் காக்கின்றன.

இனி எம் பிழையைச் சொல்லுவோம். வாலாஜாபாத்தில் எம் தெருவில் தறி நெய்யும் அம்மையார் ஒருவர்க்கு இருமல் கண்டது. “டீச்சரம்மா, ஏதாவது பொடி கொடுங்க” என்று வந்தார். கொடுத்தோம். சற்றே தணிந்து மீண்டும் இருமினார்; மீண்டும் கொடுத்தோம். ஆறு வாரங்கள் சென்றன. மாலைக் காய்ச்சலையும் மெலிவையும் கண்டும் மருத்துவமனைக்குச் செல்லுமாறு யாம் கூறவில்லை. எம் பொடி கேட்கும் என்னும் இறுமாப்பே காரணம். முடிவில் சளிப் பரிசோதனை காசநோய் என்று காட்டியது. ஆறு மாத மருந்தில் அவர் நலம் பெற்றார். ஆயினும், அவர் மடியில் உறங்கிய பேரக்குழந்தையையும் சோதிக்க நேர்ந்த நாளில் யாம் தலைகுனிந்து நின்றோம். அவர் எம்மைக் குறை கூறவில்லை. அதுவே எம்மை மிகவும் சுட்டது.

அசட்டையால் பிற உயிர்க்கு ஊறு நேரச் செய்வதே இம்சை என்பது உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. கையில் இருந்தது மருந்தே. நெஞ்சில் இருந்ததோ செருக்கு. செருக்குடன் கொடுத்தது தானமாகாது.

ஆதலின் அன்பர்களே, இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைச் சோதியுங்கள். சோதனையும் சிகிச்சையும் அங்கு இலவசம். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருத்துவர் தந்த மாத்திரையைக் கஷாயத்தை நம்பி நிறுத்தாதீர்கள். அண்டை வீட்டார் பொடி கேட்டால் மனமுவந்து கொடுங்கள். எத்தனை நாளாக இருமல் என்றும் கேளுங்கள். வேண்டுமாயின் மருத்துவமனைவரை உடன் செல்லுங்கள். அவ்வாறு உடன் நடப்பதும் ஔடத தானமே.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புறுக!