கொல்லாமற் செய்யும் கேடு

அறநூல்கள் கொலையை விலக்கின. கொலைக்கு ஒரு கையும் கருவியும் நோக்கமும் உண்டு; ஆதலால் அதற்குரியாரைச் சுட்டுதல் எளிது. எவரும் கொல்ல எண்ணாதிருக்கவும் ஓர் உயிரினத்தின் மகப்பேறும் வளர்ப்பும் நலியுமாயின், அக்கேட்டிற்குப் பொறுப்பாவார் யார்? கடல் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் இவ்வினா தவிர்க்க இயலாதது.

மயிலிட்டிக்கு முன்னே விரியும் பாக்கு நீரிணை, தென்மேற்கே பாக்குக் குடாவோடும் அதற்கப்பால் மன்னார் வளைகுடாவோடும் தொடர்புடையது. இக்கடல்களில் அருகிவிட்ட கடற்பசு ஒரு பாலூட்டி. ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து, பெரும்பாலும் ஒரு கன்றையே ஈனும்; ஒன்றரை ஆண்டளவு பாலூட்டும்; அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். தாயின் உணவு கடற்புல். அவ்வுணவே கன்றுக்குப் பாலாகிறது.

கடற்புல் அளவிறந்த வெப்பத்தைத் தாங்காது. 2011இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் வெப்ப அலையாற் கடற்புல் பெருமளவு அழிந்தது. அத்தகைய இழப்பின் விளைவை அந்நாட்டின் கிழக்குக் கரை முன்னரே காட்டியிருந்தது. அங்கே ஹார்வி விரிகுடாவில் 1992இல் வெள்ளமும் புயலும் கடற்புல்லை அழித்தபின், கடற்பசுக் கூட்டத்திற் கன்றுகளின் விகிதம் வெகுவாகக் குறைந்தது. காரணம் வேறாயினும் பசி ஒன்றே.

உணவு குன்றும்போது ஈற்றைத் தள்ளிப்போடுவது இயற்கையின் தகவமைப்பன்றோ என வாதிக்கலாம். ஒரு பஞ்சத்திற்கு அது பொருந்தும். பஞ்சம் அடிக்கடி மீளுமாயின், மெதுவாகப் பெருகும் உயிருக்குப் பொறுமையே அழிவாகிவிடும். மேலும், ஒன்று தாங்கிக்கொள்கிறது என்பதனால் அதன்மேற் சுமையேற்றும் உரிமை பிறர்க்கு வந்துவிடாது.

வாழிடத்தைப் பறித்தலும் வாழ்வைப் பறித்தலே என்பதை மயிலிட்டி அறியும். 1990இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களுக்குத் துறைமுகமும் ஊரின் ஒரு பகுதியும் 2017இலேயே திரும்பக் கிடைத்தன. இருபத்தேழு ஆண்டுகள் பிறர் நிலத்திற் பிள்ளைகளை வளர்த்த தாய்மாரிடம், உயிர் எஞ்சியதே போதாதா என்று கேட்டல் அறமாகாது. மனிதத் துயரும் விலங்கின் துயரும் ஒன்றல்ல. ஆயினும் வளர்ப்புக்கு இடம் வேண்டும் என்னும் நியதி இரண்டிற்கும் பொதுவானது.

பொறுப்பு யாவர்க்கும் சமமன்று. பெருமளவு புகை கக்கிய நாடுகளின் கடன் பெரிது. சிறு வள்ளத்திற் கடலுக்குச் செல்லும் மீனவரது கடன் மிகச் சிறிது. எனினும் கடலடியை வழிக்கும் இழுவைமடியைத் தடுத்துக் கடற்புல்லைக் காத்தல் இரு கரையினராலும் இயல்வதே. இலங்கை 2017இல் அத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாடு 2022இல் பாக்குக் குடாவிற் கடற்பசுக் காப்பகம் அமைத்தது. சட்டத்தை நடைமுறையாக்குதல் எஞ்சியுள்ளது.

நோக்கமின்மை அறியாதவரை மன்னிக்கும். அறிந்தபின் செயலற்றிருத்தலும் ஒரு செயலே.