யார் செய்த பாவம்?

தவக்காலத்தில் விராலிமலைப் பகுதியில் வீடு சந்திக்கச் சென்றபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு வயதுச் சிறுமியைக் கண்டோம். துணி பிழிவதுபோல் இரு கைகளையும் ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தாள். ஒன்றரை வயதுவரை மழலை பேசியவள். பின்னர் பேச்சும், பொருளைக் கையால் பற்றும் திறனும் அவளைவிட்டு நீங்கின. மருத்துவர்கள் முதலில் ஆட்டிசம் என்றார்களாம். பிறகு இரத்தப் பரிசோதனையில் ரெட் நோய் என்று தெரிந்தது. இதையெல்லாம் கேட்ட நாம் தாயை நோக்கி, "கர்ப்பமாயிருந்தபோது மருந்து மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டாயாம்மா?" என்றோம். அவர் தலைகுனிந்தார்.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்றுதானே ஆண்டவரிடம் கேட்டார்கள்! இருவர் பாவமுமன்று என்ற அவருடைய பதிலை (யோவான் 9) எத்தனையோ மறையுரைகளில் விளக்கியிருக்கிறோம். திண்ணையில் அது நினைவுக்கு வரவில்லை.

கற்றறிந்தோரும் இப்பிழைக்குத் தப்பவில்லை. 1943-இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தபின், தாயின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்னும் கருத்து மேலைநாடுகளில் நெடுங்காலம் கோலோச்சியது. புரூனோ பெத்தல்ஹெய்ம் 1967-இல் அவ்வாறே ஒரு நூல் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டுதான் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட், கைபிசையும் சிறுமியரைப் பற்றி எழுதியிருந்தார். 1983 வரை அதைக் கவனித்தவர் சிலரே. பேச்சை இழக்கும் பருவத்தில் இச்சிறுமியர் ஆட்டிசக் குழந்தைகளைப் போலவே தோன்றுவர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலும் 1994-இல் இரண்டையும் ஒரே தொகுதியில் வைத்தது. 2013-இல்தான் ரெட் நோயை அத்தொகுதியிலிருந்து நீக்கியது. இடையில், 1999-இல், ஹூடா சோக்பியின் ஆய்வுக்கூடம் உண்மைக் காரணத்தைக் கண்டிருந்தது: எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றம்.

தாய்மீது சுமத்திய பழி இத்துடன் நீங்கியிருக்க வேண்டும். ஆனால் 'மரபணு' என்னும் சொல்லில் 'மரபு' இருக்கிறதே! அதைக் கேட்டதும், "எங்கள் வம்சத்தில் இப்படி யாரும் இல்லை" என்று மாமியார் சொல்லத் தொடங்கிவிட்டார். உண்மையில் இம்மாற்றம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. அக்குழந்தையில் புதிதாகத் தோன்றுவது. அதிலும் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நேர்வது. தந்தையைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. எவரும் அறிந்து செய்வதன்று அது.

அத்தம்பதியர் அத்தை மகனும் மாமன் மகளும் ஆவர். திருச்சபைச் சட்டம் 1091 தடுக்கும் உறவு. விதிவிலக்குப் பெற்றே மணமுடித்தனர். "சாமியார் அனுமதி கொடுத்ததால் வந்த வினை" என்று ஊரில் ஒரு பேச்சாம். இந்நோய்க்கு உறவுத் திருமணம் காரணமன்று. வேறு சில மரபுநோய்களின் வாய்ப்பை அது கூட்டுகிறது என்பதும் மெய்யே. அதைத் திருமணத் தயாரிப்பில் சொல்லாமல் விதிவிலக்கு விண்ணப்பத்தில் மட்டும் கையொப்பமிடும் நம் வழக்கம் நமக்கே உடன்பாடன்று. ஆயினும் அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. இத்தாயின் திண்ணை அன்று.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப்பின் மீண்டும் சென்று, நாம் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லைங்க சாமி" என்றார். குழந்தைக்குக் குழைந்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம். கோயிலுக்கு வந்தால் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பிள்ளையின் கைகளையே பார்க்கிறார்கள், அதனால்தான் வருவதில்லை என்றார். அச்சிறுமியோ இமைக்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.