ஏணிச் சத்தம்

தாராவியில் ஒருவர் குடிப்பது யாருக்குத் தெரியாது? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ராத்திரி எத்தனை மணிக்குக் கதவு தட்டப்பட்டது, என்ன சண்டை, எது உடைந்தது எல்லாம் காலையில் குழாயடிக்கு வந்துவிடும். ஆனால் அதே மனிதர் குடியை நிறுத்த ஒரு மீட்டிங்குக்குப் போகிறார் என்பது மட்டும் யார் காதிலும் விழக் கூடாது. அத்தானுக்காக நான் இடம் தேடியபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்: "நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம் மாப்ள. செம்பூர்ல பாரு."

விழுந்து கிடந்தபோது இல்லாத வெட்கம் எழுந்திருக்கும்போது வருகிறது. குடிக்கிறவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. நிறுத்தப் போகிறார் என்று தெரிந்தால் அன்றிலிருந்தே எல்லாரும் கணக்கு வைக்கத் தொடங்குவார்கள். ஒருநாள் தவறினால் சொல்லிக் காட்டியே கொல்வார்கள். அத்தான் அஞ்சியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

*

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது, நான் அத்தானுக்காகத் தேடிய மீட்டிங்கை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இருவருமே குடியில் மூழ்கியவர்கள். ஒரு குடிகாரன் சொல்வதை இன்னொரு குடிகாரன் உட்கார்ந்து கேட்பது, அவ்வளவுதான் அதன் வைத்தியம். இந்தியாவில் இது வேர் பிடித்தது 1957இல், இதே பம்பாயில். அப்போது இங்கே மதுவிலக்கு. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிக்க பெர்மிட் வேண்டும். பார் பலகைகளில் இன்றும் 'பெர்மிட் ரூம்' என்று இருப்பது அந்தக் காலத்து மிச்சம். தாராவியில் கள்ளச் சாராயம் காய்ச்சிய காலமும் அதுதான். கடையை மூடினால் குடி நிற்கும் என்று நம்பிய ஊரில், நிறுத்த விரும்பிய சிலர் ஒன்றுகூட ஓர் அறையைத் தேடியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சட்டத்தைவிட அந்த அறை பெரிதாகத் தெரிகிறது.

*

செம்பூரில் எங்களுக்குக் கிடைத்ததும் ஓர் அறைதான், ஒரு பள்ளிக்கூடத்தில். நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு; பெரியவர்கள் முட்டியை மடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் மராத்திப் பாடம் பாதி அழிந்திருந்தது. குடும்பத்தாரும் வரலாம் என்ற 'ஓப்பன் மீட்டிங்' என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். ரிஜிஸ்டர் கிடையாது, முழுப் பெயர் கேட்கவில்லை. கட்டணமும் இல்லை. துணிப்பை ஒன்று கைமாறி வந்தது. அத்தான் சட்டைப் பையைத் தடவியபோது, புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவர் கையாலேயே காட்டினார்.

ஒருவர் இந்தியில் பேசத் தொடங்கினார். வேலை போனது வரைக்கும் இந்தியிலேயே வந்தது. அம்மா செத்த அன்று தான் எந்த நிலையில் இருந்தார் என்று சொல்லும் இடத்தில் தமிழுக்கு மாறிவிட்டார். அங்கே பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது, யாரும் தடுக்கவில்லை. அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார்.

பேசி முடித்தவருக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. அது அங்கே முறை. நம் வீடுகளில் குடிக்கிறவருக்குக் கிடைப்பது புத்திமதி மட்டும்தான். பிள்ளைகளை நினைச்சுப் பாரு என்று எத்தனை பேர் அத்தானிடம் சொல்லியிருப்பார்கள்! அவரும் நினைத்துக்கொண்டேதான் குடித்தார்.

*

இதை எழுதித்தான் ஆக வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் யாரிடமும் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசும் அளவுக்குப் புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டர், பிறகு மீட்டிங். சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. பாந்த்ராவில் ஃபாதர் ஜோ பெரேரா 1981இல் தொடங்கிய கிருபா ஃபவுண்டேஷன் அப்படி ஒன்று. எங்கே கேட்பது என்றே தெரியாதவர்களுக்கு அரசின் இலவச எண் 14446 இருக்கிறது.

கூடிப் பேசினால் குடி நிற்குமா என்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. இந்தக் குழுக்களோடு சேர்த்துவிடும் முறையான சிகிச்சை, குடியை முற்றாக விட்டு நிற்பதில் மற்ற சில சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்ததாக அது சொல்கிறது.

*

அக்காவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாடி அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் அத்தான் கால் வைக்கும் சத்தத்திலேயே அன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது அவர் குடிக்காமல் வருகிறார். அவள் இன்னும் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

குடிக்கிறவர்களின் வீட்டாருக்கென்று தனியாக அல்‑அனான் இருக்கிறது. 1951இல் அதைத் தொடங்கியவர்களில் பில் வில்சனின் மனைவி லோயிஸ் ஒருவர். அக்காவிடம் சொன்னேன். "நான் என்னத்தடா குடிச்சேன், நான் எதுக்குப் போகணும்?" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே கேட்டாள், மாட்டுங்கா பக்கம் பொம்பளைங்க வர்ற மாதிரி இருக்கா என்று. விசாரிக்கிறேன் என்றேன்.

"தண்ணி வர்ற நேரமா மட்டும் இருக்கக் கூடாது. அப்படின்னா வாரேன்."