விடுதலைக்குப் பின்னும் விலங்கா?

ஏனாத்தூர் இளைஞன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்துவோம். உழுது பிழைக்கும் குடும்பம். அல்லும் பகலும் படித்துக் காவலர் தேர்வில் வென்றவன். வேலை உத்தரவை எதிர்நோக்கி நிற்கும் வேளையில் வருகிறது, விசாரணை அறிக்கை! எப்போதோ நடந்த வரப்புத் தகராறொன்றில் அவன் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுவித்தும் விட்டது. விடுவித்தது நீதிமன்றம்; விட மறுக்கிறது கோப்பு!

இளைஞன் கற்பனை, விதி கற்பனையன்று. சந்தேகத்தின் பலனால் விடுதலை பெற்றவனும், புகார் தந்தவர் பிறழ்ந்ததால் விடுதலை பெற்றவனும், குற்றவழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான் என்று தமிழகக் காவலர் பணி விதியில் எழுதிவைத்தனர். 2008-ல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வும் அவ்விதி செல்லும் என்றது.

தடியும் அதிகாரமும் தருமுன் ஆராய வேண்டாமா என்பர். ஆராயட்டும், வேண்டாமென்றா கூறுகிறோம்? ஆனால், ஐயம் வேறு, தீர்ப்பு வேறு அல்லவா!

அதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921-இல் பொறிக்கப்பட்டது, குடவோலைக்குத் தகுதி வகுக்கிறது. நிலம் வேண்டுமாம், வேதம் கற்றிருக்க வேண்டுமாம். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் அத்தை மகனும் மாமன் மகனுங்கூட ஆகாராம்! உறவினன் பிழைக்கு இவனுக்குத் தண்டனை! அந்த அநீதியை நாம் போற்றோம். ஆயினும், அது ஊரறியக் கல்லில் நின்றது. இன்றைய அறிக்கையோ பெரும்பாலும் உறைக்குள் உறங்குகிறது. உரியவன் அதைக் காண்பதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர். ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் பங்குகொண்டவர் என்ற காவல்துறை அறிக்கையால் வேலை பறிபோயிற்று. 1983-ல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. அதனாலென்ன, தோழர்களே? அவர் உரிமையைக் காக்காத நீதி, நாளை கருப்புக்கொடி ஏந்தும் நம் தம்பியையும் காக்காது!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்தனர். ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. பணிக்குத் தொடர்பானதை மட்டும் விசாரியுங்கள். கண்டதை உரியவனுக்குக் காட்டுங்கள். அவன் மறுமொழி கேட்டு முடிவு செய்யுங்கள். விடுதலை என்றால் விடுதலை என்றே கொள்ளுங்கள்.

நீதிமன்றம் திறந்த கதவை ஒரு கோப்பு மூடுமானால், ஏனாத்தூர் இளைஞன் எந்தக் கதவைத் தட்டுவான்?