வெண்கல சர்ப்பமும் பழைய ஜெப புஸ்தகமும்



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து போகும்போது ஒரு தாயார் என்னை நிறுத்தினார்கள். ஐம்பது வருஷம் சி.எஸ்.ஐ. சபையில் இருந்துவிட்டு, மகனோடுகூட நம்முடைய சபைக்கு வந்தவர்கள். "பாஸ்டர், திருவிருந்துக்கு முன்னாலே பாவ அறிக்கையை எல்லாருமா சேர்ந்து சொல்லுவோமே, இங்கே ஏன் சொல்றதில்லை?" என்றார்கள். "அம்மா, அது எழுதி வைத்த ஜெபம். நமக்கு ஆவியானவர் நடத்துகிற ஜெபம் உண்டே" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1995-ல் பொதுமொழிபெயர்ப்பு வந்தபோது, "கர்த்தர்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு "ஆண்டவர்" என்று போட்டுவிட்டார்களே என்று கொதித்தது யார்? நாம்தான். இன்றைக்கும் நம்முடைய பிரசங்க மேடையில் இருப்பது 1871-ல் பவர் ஐயர் குழுவினர் முடித்த பழைய மொழிபெயர்ப்பே. அதின் வார்த்தையிலேதான் நமக்கு அழுகையும் வருகிறது. அச்சிட்ட ஆராதனை முறைமை நமக்கு இல்லை, சரி. ஆனால் பாட்டு, சாட்சி, செய்தி, கைவைத்து ஜெபம் என்கிற வரிசையை ஒரு ஞாயிறு மாற்றிப் பாருங்கள், தெரியும்!

தஞ்சாவூரில் நடந்ததைக் கேளுங்கள். சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864), 1820-களில் புது மிஷனரிமார் சபை வழக்கங்களை மாற்றினபோது எதிர்த்து எழுதினார். பப்ரிசியுஸ் ஐயரின் வேதாகமத்தைத் திருத்தாதேயுங்கள், ஆராதனையில் கீர்த்தனை பாடுகிறதை நிறுத்தாதேயுங்கள், பண்டிகைக்குப் பூ வைக்கிறதைத் தடுக்காதேயுங்கள் என்றார். வாசிக்கும்போது நம்முடைய மனசும் அவர் பக்கம் சாய்கிறது. அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோமே! ஆனால் அதே மூட்டைக்குள் சாதியும் இருந்தது. சபையிலே சாதியார் தனியே உட்காருகிற வழக்கத்தையும் அவர் காத்துப் பேசினார். பாட்டும் முன்னோர் வழக்கம், தனி இடமும் முன்னோர் வழக்கம். எதை வைப்பது, எதை விடுவது?

எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். மோசே செய்த வெண்கல சர்ப்பத்தை உடைத்துப்போட்டான் (2 இராஜா. 18:4). அதைச் செய்யச் சொன்னவர் கர்த்தரே! ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கினபடியால் அது போகவேண்டியதாயிற்று. அதே எசேக்கியாதான், தாவீதும் ஆசாபும் விட்டுப்போன வார்த்தைகளாலே துதிக்கும்படி லேவியருக்குச் சொன்னான் (2 நாளா. 29:30). ஒரே கையினால் உடைத்தான், ஒரே கையினால் காத்தான். இரண்டுக்கும் வயசு ஒரு கணக்கல்ல.

தென்னிந்திய திருச்சபை 1947-ல் உருவாகி, 1950-ல் ஒரு திருவிருந்து ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஆதி சபையின் சமாதான வாழ்த்தைக் கைக்குக் கை கொடுக்கிற வழக்கம் அதிலே சேர்ந்தது. தொட்டால் தீட்டு என்ற தேசத்திலே கைக்குக் கை! நாம் "செத்த சடங்கு" என்று சிரித்தது இதையும் சேர்த்துத்தான்.

அந்தப் பாவ அறிக்கையிலே "நான்" இல்லை, "நாங்கள்" உண்டு. போதகருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே வார்த்தை. நம்முடைய கூட்டத்திலோ மைக் பிடித்தவர் ஜெபிக்கிறார், மற்றவர்கள் ஆமென் சொல்லுகிறோம். அந்த மைக் பெரும்பாலும் என் கையிலேதான் இருக்கிறது.

தாயாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பீரோவிலிருந்து புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அட்டை போய்விட்டது. வருகிற திருவிருந்து ஞாயிறு எல்லாருமாய் அதை வாசிக்கலாம் என்று மூப்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கு இன்னும் சம்மதமில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள்.