கதையும் ஓர் அமானிதம்

பொய்யென்று யாவரும் அறிந்த ஒன்றினுள் மெய், போலி என்னும் வேறுபாடு இருத்தல் கூடுமா? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இவ்வினா அண்மையில் சில நாட்கள் நம்மை அமைதியாக இருக்கவிடவில்லை. அதனை வாசக அன்பர்கள் முன்னும் வைக்க விழைகின்றோம்.

பௌர்ணமி இரவுகளில் நம் திருவண்ணாமலை எவ்வாறிருக்கும் என்பதைப் பலரும் அறிவர். மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதை மக்கள் வெள்ளமாகிவிடும்; ஊருக்குள் வண்டி நகராது. அத்தகைய ஓரிரவில், இஷாத் தொழுகை முடித்து நாம் வீடு திரும்பியபோது, தங்கை மகனும் அவன் தோழர் இருவரும் கணினியின் முன் அமர்ந்து கடும் வழக்கில் ஈடுபட்டிருந்தனர். ‘ஃபால்அவுட்’ என்னும் அறிவியற் புனைகதை விளையாட்டைப் பற்றியது அவ்வழக்கு. அதன் மூன்றாம் பகுதி “உண்மையான ஃபால்அவுட்டே அன்று” என்றான் ஒருவன். “அதைவிட உண்மையானது வேறில்லை” என்றான் மற்றவன்.

நாம் நகைத்தோம். “தொடக்கம் முதல் முடிவு வரை யாரோ இட்டுக்கட்டிய கதை. இதில் உண்மை ஏது, போலி ஏது?” என்றோம்.

தங்கை மகன் நம்மிடம் சில ஆண்டுகள் அரபு பயின்றவன். பணிவாகவே விடை கூறினான்: “மாமா, எங்களுக்கு ஹரீரியின் மகாமாத் பாடம் சொன்னீர்களே, அதில் வரும் அபூ ஸைதும் இட்டுக்கட்டப்பட்டவர்தாம். நாளை ஒருவர் அவரைப் பேசத் தெரியாத மனிதராக எழுதினால், ‘இவர் அபூ ஸைத் அல்லர்’ என்று நீங்கள் சொல்லமாட்டீர்களா?”

நாம் வாயடைத்து நின்றோம். கட்டாயம் சொல்லியிருப்போம்; சினந்தே சொல்லியிருப்போம்.

பலாகத் கலையை ஓதியோர் அறிவர்: ஒன்றைத் தெரிவிக்கும் கூற்று ‘கபர்’ எனப்படும், மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்பளிக்க இடந்தருவது அது. கற்பனை இவ்வளவைக்குள் அடங்குவதன்று. கவிதையின் உயிர் மெய்யிலும் இல்லை, பொய்யிலும் இல்லை, கேட்போர் உள்ளத்தில் உருவெழுப்பும் ‘தக்யீல்’ என்னும் ஆற்றலில் உள்ளது என்பது, 1285இல் மறைந்த ஹாஸிம் அல்கர்தாஜன்னீயின் முடிவு. ஆகவே புனைகதையை நிகழ்ச்சிகளோடு ஒத்துப்பார்த்து மெய்யென்பதும் பொய்யென்பதும் பொருந்தா.

நம் தமிழிலேயே இதற்குச் சான்றுண்டு. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2021ஆம் ஆண்டில் நடப்பதாகப் புனையப்பட்டது. அவ்வாண்டு வந்தது, சென்றது. ஜீவா என்னும் சர்வாதிகாரி வரவில்லை. நூல் படித்து வாதம் புரியும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் எவர் வீட்டு வாசலிலும் படுத்திருக்கவில்லை. ஆயினும் அக்கதை பொய்த்தது என்று எவரும் குறைகூறக் கேட்டிலோம். ‘மீண்டும் ஜீனோ’வைக் கையிலெடுத்த வாசகர் வருங்காலத்தைத் தேடவில்லை, தாம் முன்பு அறிந்த அந்த ஜீனோவையே தேடினர்.

அவ்வாறாயின் ரசிகர்கள் ‘உண்மையானது’ என்று சொல்லும்போது எதைச் சொல்கின்றனர்? பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைக் கூறுகின்றோம்.

கனடா நாட்டு பயோவேர் நிறுவனத்தார் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட விண்வெளிக் கதை ‘மாஸ் எஃபெக்ட்’. அதில் ஒரேயொரு பெரும் பொய் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்படுகின்றது: மின்னோட்டம் செலுத்தினால் பொருள்களின் நிறையைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு தனிமம் உண்டு என்பதே அது. ஒளியினும் விரைந்து கலங்கள் செல்வதும் ஆயுதங்கள் இயங்குவதும் அவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன. விளையாட்டினுள்ளேயே ஒரு கலைக்களஞ்சியம் அமைத்து இவற்றையெல்லாம் விளக்கியுள்ளனர். அறிந்தே ஒரு பொய்யை ஏற்றுக்கொள்ளும் மனிதன், அதற்குப் பின் வரும் இரண்டாவது பொய்யை ஏற்பதில்லை. தான் விதித்த விதிக்குத் தானே கட்டுப்படுதல் கதைக்கு முதற்கடமை.

அக்கதைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. விளையாடுவோர் முதற்பகுதியில் எடுத்த முடிவுகள் பின்வரும் பகுதிகளுக்கும் தொடர்ந்து வரும்; அங்கே அவர் காப்பாற்றியவர் இங்கே உயிரோடு வருவார், காப்பாற்றாதவர் வரமாட்டார். ஐந்தாண்டுகள் இவ்வாறு நடந்துவந்தவர்களுக்கு, 2012இல் இறுதிக் காட்சியில் மூன்று வழிகள் காட்டப்பட்டன. எதைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரே காட்சி. சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம்தான் வேறு. ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுள் சிலர் பணம் திரட்டி, அதே மூன்று நிறங்களில் பூச்சிட்ட சிறு கேக்குகளை நானூற்றுக்கு மேல் அந்நிறுவனத்திற்கு அனுப்பிவைத்தனர். நிறம் மூன்று, சுவை ஒன்று! வசைமொழி ஒன்றுகூட இன்றி இதனினும் கூர்மையாக ஒரு குற்றச்சாட்டை எழுதுதல் அரிது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே விரிவாக்கப்பட்ட முடிவொன்றை நிறுவனத்தார் விலையின்றி வெளியிட்டனர்.

அன்பர்களே, அந்த ரசிகர்களின் துயரம் யாது? முடிவு சோகமாயிருந்தது என்பது மட்டுமன்று. ‘நீ செய்ததெல்லாம் நினைவிலிருக்கும்’ என்று சொன்னவர்கள் மறந்துவிட்டனர் என்பதே.

இனி, பிள்ளைகளின் வழக்கிற்கு வருவோம். ஃபால்அவுட் 1997இல் இன்டர்ப்ளே நிறுவனத்தாரால் படைக்கப்பட்டது. 2077இல் அணுப்போரால் உலகம் பாழாகின்றது. நிலவறைகளுள் புகுந்து பிழைத்தோரின் சந்ததியர் வெளியே வந்து மீண்டும் வாழ முயல்கின்றனர். பின்னர் அவ்வுடைமை பெதஸ்டா என்னும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அவர்கள் 2008இல் மூன்றாம் பகுதியை வெளியிட்டபோது, களம் கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறியது. விளையாடும் முறையும் அடியோடு மாறியது. பழையோர் பலர் அதனை ஏற்கவில்லை. 2010இல், பெதஸ்டாவே அப்சிடியன் என்னும் நிறுவனத்திடம் ஒரு கதையை ஒப்படைத்தது. அங்கே பழைய இன்டர்ப்ளேயில் பணியாற்றியோர் சிலர் இருந்தனர். அவர்கள் உருவாக்கிய ‘நியூ வேகஸ்’ வந்தபோது, ‘இதுவே எங்கள் ஃபால்அவுட்’ என்று பழையோர் பலர் அரவணைத்துக்கொண்டனர்.

நிலத்திற்குப் பட்டா உண்டு. இல்முக்கு ஸனது உண்டு. பட்டாவை விலை கொடுத்து வாங்கலாம். ஸனதை வாங்க இயலாது. ஆசானின் முன் அமர்ந்து, கேட்டதைக் கேட்டபடி மனத்திலிருத்தி, அடுத்தவருக்குக் குறைவின்றி ஒப்படைக்கத் தகுதி பெற்றவருக்கே அது கிட்டும். ரசிகர்கள் வினவுவது ‘பட்டா யாரிடம்?’ என்றன்று, ‘ஸனது யாரிடம்?’ என்றே.

ஸனது என்றவுடன் பழைய கையே தொடரவேண்டும் என்று கொள்ளற்க. மகாமாத் வடிவை வகுத்தவர் 1008இல் மறைந்த பதீஉஸ்ஸமான் அல்ஹமதானீ. நூறாண்டுகளுக்குப் பின் வந்த ஹரீரீ அவ்வடிவைக் கையேற்று, தம் முன்னுரையில் முன்னவரின் முதன்மையை ஒப்புக்கொண்டு, புதிய மாந்தரைப் படைத்து 50 மகாமாக்கள் எழுதினார். படியெடுக்கவில்லை, மரபைச் சுமந்தார். நம் ஊர்க் கோயிலின் 217 அடி இராஜகோபுரமும் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்று, தஞ்சை நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது. கை மாறியது, அளவு மாறவில்லை. ஆகவேதான் அண்ணாந்து பார்ப்போர் கண்ணுக்கு அது ஒரே கோபுரமாக நிற்கின்றது.

நியூ வேகஸ் செய்ததும் இதுவே. முதல் விளையாட்டில் ஷேடி சாண்ட்ஸ் என்று ஒரு சிற்றூர் வரும். இரண்டாவதில் அது ஒரு குடியரசின் தலைநகராக வளர்ந்திருக்கும். நியூ வேகஸில் அக்குடியரசு ஹூவர் அணைக்குப் படை அனுப்பும் வல்லரசாகிவிடும். வல்லரசுக்குரிய பேராசையும் அதற்கு வந்துவிடும். நீலச் சீருடையையும் அதன்மேல் மஞ்சள் எண்ணையும் எவரும் வரைந்துவிடலாம். அந்தச் சிற்றூரை மறவாதிருப்பதே கடினம்.

2024இல் இக்கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, ஒரு காட்சியில் கரும்பலகையொன்றில் ஷேடி சாண்ட்ஸ் வீழ்ந்த ஆண்டு 2277 என்று எழுதப்பட்டிருந்தது. நியூ வேகஸ் நடப்பதோ 2281இல்! நான்கே ஆண்டு வேறுபாட்டிற்காக ரசிகர் உலகமே கலங்கியது. குண்டு விழுந்தது நியூ வேகஸ் நிகழ்ச்சிகளுக்குப் பின்னரே என்று பொறுப்பாளர்கள் விளக்கம் தர நேர்ந்தது. இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. அறிவிப்பாளர்களின் பிறப்பு இறப்பு ஆண்டுகளை ஒத்துப்பார்த்து, ‘இவர் அவரைச் சந்தித்திருக்க இயலாது’ என்று பொய்யைப் பிரித்தெடுத்த ஹதீஸ் கலை அறிஞர்களின் உழைப்பை ஓதியவர்கள் நாம். அங்கே காக்கப்படுவது தீன். இங்கே காக்கப்படுவது பொழுதுபோக்கு. இரண்டையும் பொருளால் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் தனக்குச் சொல்லப்பட்டதை மனிதன் எவ்வளவு கருத்தாக நெஞ்சிலிருத்துகின்றான் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

இவ்விடத்தில் நம் குற்றமொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இளமையில் நாம் மக்தபில் பிள்ளைகளுக்கு மஃரிபிற்குப் பின் தொடர்கதை சொல்வதுண்டு. கதைத் தலைவனுக்கு ஒரு குதிரை இருந்தது. அது பாலையில் தாகத்தால் இறந்ததாகச் சொன்ன இரவில் பல பிள்ளைகள் அழுதனர். சில வாரங்கள் கழித்து, மறதியால் அவனை அதே குதிரைமேல் ஏற்றிவிட்டோம். “ஹஜ்ரத், அது இறந்துவிட்டதே” என்றான் ஒரு சிறுவன். “கதைதானேப்பா, இருக்கட்டும்” என்று கூறி மேலே சென்றோம். ஏனையோர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பாடத்திற்கு வந்தான், கதைக்கு வரவில்லை. அக்குதிரைக்காக அவன் சிந்திய கண்ணீரை நாம் அன்று செல்லாக்காசாக்கிவிட்டோம் என்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின், அந்தப் பௌர்ணமி இரவில்தான் நமக்கு உறைத்தது.

கேட்பவன் தன் காலத்தையும் கண்ணீரையும் கதை சொல்வோனிடம் ஒப்படைக்கின்றான். ஒப்படைக்கப்பட்ட எதுவும் அமானிதமே. ‘கதைதானே’ என்னும் சொல் அமானிதத்தைக் கையாடும் சொல்.

ரசிகர்களுக்கும் கடமையுண்டு. முறையிடல் வேறு, இழித்துரைத்தல் வேறு; கேக்கு அனுப்பியவர்கள் முன்னதைச் செய்தனர். படைத்தோரை வசைபாடி மிரட்டுவோர் தாம் நேசிக்கும் கதையையே இழிவுபடுத்துகின்றனர். மேலும், மூன்றாம் பகுதியின் வாயிலாகவே அவ்வுலகினுள் நுழைந்த இளையோர்க்கு அதுவே முதல் வீடு. ‘நீ உண்மையான ரசிகன் அல்லன்’ என்று அவர்களைத் தள்ளிவைக்க எவருக்கும் உரிமையில்லை.

அன்றிரவு வழக்கில் யார் வென்றார் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. பிள்ளைகளின் அருகில் அமர்ந்து, “அந்தச் சிற்றூரைக் காட்டுங்கள், பார்ப்போம்” என்றோம். வெளியே மலைப்பாதையில் மக்கள் நடந்துகொண்டேயிருந்தனர். உள்ளே, இல்லாத ஓர் ஊரின் வரலாற்றைப் பிள்ளைகள் மூவரும் ஒருவரையொருவர் திருத்தித் திருத்தி, ஓராண்டும் பிசகாமல் நமக்குச் சொல்லத் தொடங்கினர்.